இரும்பில் வைத்த பொட்டு

தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். நாளைக்கு ஆயுத பூசை. அரிவாள்மனையை விட்டுவிட்டால், ஆயுதம் என்று சொல்லிக்கொள்ள வீட்டில் இப்போது இது ஒன்றுதான் மிச்சம். எண்ணெய் பட்ட விரலைத் தெரியாத்தனமாக மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டேன். அவ்வளவுதான், நீங்கள் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் உங்கள் கையில் இந்த வாசனைதான் இருக்கும். என் எண்ணெய்க் குப்பியை எடுத்துத்தானே உங்கள் துப்பாக்கியைக் குளிப்பாட்டினீர்கள். கேட்டால், "ஒன் மெஷினுக்கு ரெண்டு சொட்டு போதும் புள்ள. இதுக்கு அப்படியா?" என்பீர்கள். நான் தைத்த ரவிக்கைகளைவிட உங்கள் துப்பாக்கி குடித்த எண்ணெய் அதிகம்.

நேற்று பொலிஸுக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள். அதனால் கொஞ்சம் பழைய கதை பேசிவிட்டு வருகிறேன். எனக்கும் மூச்சு வாங்க வேண்டும். மஸ்கெலியாக் கடைத்தெருவிலிருந்து நம் வீட்டுக்கு ஏறும் படி வரவர செங்குத்தாகிக்கொண்டே போகிறது.

கொட்டகலையில் எங்கள் அப்பாவுக்குத் துணிக்கடை. கத்தரிக்கோலுக்கு மேல் கூரான எதையும் பார்க்காமல் வளர்ந்தவள் நான். கல்யாணமாகி வந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வாசலில் இரண்டு நாய்களோடு ஒரு ஆள் நின்று விசில் அடித்தால் எப்படி இருக்கும்? நம் இரும்புக்கடை லொறியை ஓட்டிய வேலு அண்ணன்தான் அது. நீங்கள் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, அலுமாரியைத் திறந்து, இரட்டைக்குழல் துப்பாக்கியை வெளியே எடுத்தீர்கள். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து மாமா வாங்கியது, மாமாவுக்குப் பிறகு லைசன்ஸ் உங்கள் பேருக்கு மாறியது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு என் மனசில் ஓடியது ஒன்றுதான். எங்கப்பா என்னை யார் வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்?

வெயில் ஏறும்போது திரும்பி வந்தீர்கள். பின்னால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் நாலு பேர், மரக்கொம்பில் கட்டிய காட்டுப்பன்றியைத் தூக்கிக்கொண்டு. அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் போட்டிருந்த உருளைக்கிழங்குப் பாத்தியை ஒரு வாரமாகக் கிளறிப்போட்ட பன்றி. கொல்லையில் வைத்துப் பங்கு போட்டீர்கள். தூக்கியவர்களுக்குப் பங்கு, நாய்களுக்குப் பங்கு. கடைசியில் துப்பாக்கிக்கு ஒரு பங்கு. அது துப்பாக்கிக்காரனுக்குச் சேர வேண்டியது என்று வேலு அண்ணன் எனக்கு விளக்கினார். நீங்களோ அதைத் தூக்கிக் கிழங்குப் பாத்திக்காரரின் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

"துப்பாக்கி திங்காது. கெழங்கு போனவன் திங்கட்டும்."

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உங்களைப் பிடித்தது. இத்தனை வருடம் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

துப்பாக்கியையும் பிடித்துப்போனது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு பௌர்ணமிப் போயா நாள் கடைக்கு லீவு விட்டு, பழைய கல்லுடைக்கிற பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஒரு மீன் டின்னைக் கல் மேல் வைத்துவிட்டு, "தோள்ல நல்லா அண்டக் குடு, பயந்தா ஒதைக்கும்" என்றீர்கள். பயந்தேன், உதைத்தது. டின் அப்படியே உட்கார்ந்திருந்தது. என் தோள் ஒரு வாரம் கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தது. ஆனாலும் காது ஙொய்யென்று இரைய, புகை மணக்க, அந்தப் பள்ளத்தில் நின்றபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்கள்தான் பதறிப்போய், "என்ன புள்ள, என்ன?" என்று கேட்டுக்கொண்டே நின்றீர்கள்.

இனிப் பொட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். என் பக்கத்து நியாயத்தை ஒருவரும் கேட்டதில்லை.

தலை ஆயுத பூசை. கடையில் வாழை இலை விரித்துத் தராசு, படிக்கல், சுத்தியல், லொறிச் சாவி எல்லாம் அடுக்கியிருந்தது. தோட்டா போடாமல் துடைத்த துப்பாக்கியையும் கொண்டுவந்து வைத்தீர்கள். புது மருமகள் கையால் பொட்டு வைக்கட்டும் என்று அத்தை சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். சந்தனத்தைக் குழைத்து, துப்பாக்கிக் குழலின் நட்டநடுவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். பூசையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. இராத்திரி முழுக்க ஊருக்குக் கீழே இருக்கிற நீர்த்தேக்கத்திலிருந்து பனி ஏறிக்கொண்டே இருந்தது. மறுநாள் மதியம் புனர்பூசை முடிந்து சந்தனத்தைத் துடைத்தால், அடியில் இன்னொரு பொட்டு சிவப்பாக உட்கார்ந்திருந்தது.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை நீங்கள். எண்ணெய், மண்ணெண்ணெய், பித்தளைக் கம்பி என்று தேய்த்தீர்கள். சிவப்புப் போனது. குழி போகவில்லை. நான் என்ன செய்வேன்? கொட்டகலைத் துணிக்கடையில் கத்தரிக்கோலுக்குச் சந்தனம் வைத்தால் துருப் பிடித்ததில்லை. தப்பு பனியினுடையது என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் நீங்கள் என் பின்னாலேயே நிற்பீர்கள். "கட்டையில வை. இரும்புல வைக்காத." மரக்கட்டையில் காய்ந்த குங்குமத்தை மட்டும் ஒரு சிட்டிகை வைப்பேன். சாமி கும்பிட வந்தவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் லைசன்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் பொலிஸில் ஒப்படைக்கச் சொன்னார்கள். தமிழன் வீட்டில் துப்பாக்கி இருந்தால் என்னென்ன கேள்வி வரும் என்று அந்த வருடங்களில் நாம் நன்றாகப் படித்துக்கொண்டோம். நீங்கள் முகம் சுளிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் எண்ணெய்க் குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பொலிஸ் வாசலில் போய் நிற்பீர்கள், ஒரு தடவை துடைத்துவிட்டுப் போக விடுங்கள் என்று. விரட்டிவிட்டார்கள். நல்லவேளை, விரட்டியதோடு விட்டார்கள். அந்த ஞாயிறுகளில் நீங்கள் திரும்பி வரும்வரை நான் அடுப்பு பற்ற வைத்ததில்லை.

ரொம்ப நாள் கழித்து அது திரும்பி வந்தது. குழல் முழுக்கத் துரு. நீங்கள் ஒரு மாதம் கடையை வேலு அண்ணனிடம் விட்டுவிட்டுக் கொல்லையில் உட்கார்ந்து தேய்த்தீர்கள். கடைசியில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு வெயிலில் காட்டினீர்கள்.

"பாரு புள்ள. அரசாங்கத்துத் துரு எல்லாம் போயிருச்சு. ஒன் பொட்டு மட்டும் போகல."

அதைச் சொல்லும்போது நீங்கள் அழுதீர்கள். வெயில் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு ஹட்டனில் ஒரு ஆள் குழலுக்குப் புதுசாக மெருகு போட்டு, குழியையும் தெரியாமல் பண்ணிவிடுகிறேன் என்றபோது, வேண்டாம் என்று துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

நீங்கள் வேட்டையை விட்ட சாயங்காலமும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போன வேகத்தில் திரும்பி வந்தீர்கள். தோட்டா இரண்டையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டீர்கள்.

"பொதருக்குள்ள அசைஞ்சிச்சு. பன்னியா ஆளான்னு எனக்குத் தெரியல. வேலு பன்னின்னான். எனக்குத் தெரியல."

"சுட்டீங்களா?"

"சுடல. கண்ணு சரியில்லாதவன் கையில அது இருக்கக்கூடாது புள்ள."

மிச்சத் தோட்டாவையெல்லாம் அந்த வாரமே பொலிஸில் கொடுத்துவிட்டீர்கள். துப்பாக்கியை மட்டும் விட மனசு வரவில்லை. ஞாயிறு தவறாமல் துடைத்து எண்ணெய் போடுவீர்கள். போட்டு முடித்ததும் குழலை மடக்கித் திறந்து என்னிடம் நீட்டுவீர்கள். "இந்தா, நீ பாத்துச் சொல்லு." ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் குழலுக்குள் பார்ப்பேன். உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாகத் தெரிந்தால் சுத்தம். மங்கலாக இருந்தால் துரு. நான் "நல்லா இருக்குங்க" என்று சொன்ன பிறகுதான் தேத்தண்ணி குடிப்பீர்கள். நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான்.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். உரியவர் இறந்தால் துப்பாக்கி பொலிஸுக்குப் போக வேண்டும். சாம்பல் அள்ளிக் காடாத்து முடிந்த கையோடு வேலு அண்ணனும் நம் மகனும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். யாராவது தங்கள் பேருக்கு மாற்றிக்கொள்வதானால் சொல்லலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றார்கள். மகன் கொழும்பிலிருந்து போனில், "நமக்கு எதுக்கும்மா அது? சின்னப்புள்ள இருக்கிற வீடு" என்றான். அவன் சொன்னது சரிதான். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

உங்களுக்கு ஓய்வு கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. பொலிஸ் அறையின் ஈரச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார்களே, பனி ஏறுமே என்று தூக்கம் வரவில்லை. ஒரு நாள் எண்ணெய்க் குப்பியையும் பழைய பனியன் துணியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். உங்களை விரட்டினார்கள், என்னை விரட்டவில்லை. காலம் மாறியிருக்கிறது, அல்லது கிழவி என்று விட்டார்கள். அங்கே கையில் மூன்று பட்டி போட்ட ஒரு பொலிஸ் சாஜன், சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். சட்டத்தில் இப்படி ஒன்று இல்லை என்றுதான் முதலில் சொன்னார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே போய் எடுத்து வந்தார்.

"சரி அம்மா. சட்டம் வந்து எண்ணெய் போடாதுதானே."

மேசைக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருப்பார், இந்தப் பக்கம் நான் துடைப்பேன். மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற ஆளைப் பார்க்கப் போவதுபோல் போய் வந்தேன். மற்றப் பொலிஸ்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

போன தடவை சாஜன் சொல்லிவிட்டார், "எடுக்குறதா, குடுக்குறதா, அடுத்த தடவ வந்தா சொல்லணும் அம்மா" என்று. நேற்று நான் ஒரு முடிவோடுதான் போனேன். என் பேருக்கே மாற்றிக்கொள்வது. அதற்கு வேண்டிய பத்திரத்தைக் கிராம சேவகரிடம் கேட்டு வைத்திருந்தேன். அலுமாரியில் உங்கள் துப்பாக்கியின் இடத்தைத் துடைத்து, பழைய போர்வையையும் விரித்துவிட்டேன்.

எண்ணெய் போட்டேன். மடக்கித் திறந்தேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். இரண்டு குழலும் மங்கல். கம்பியில் துணி சுற்றி விட்டுத் தேய்த்தேன். மறுபடியும் பார்த்தேன், மங்கல். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெளியே பார்த்தேன். எல்லாம் வெள்ளையாக இருந்தது.

"இந்தப் பனியில ஒன்னும் தெரியல மாத்தயா" என்றேன்.

சாஜன் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பனி இல்ல அம்மா. இன்னைக்கு நல்ல வெயில்."

பனியன் துணியை மடித்து வைத்தேன். அந்தச் சாயங்காலம் நீங்கள் மேசையில் வைத்த இரண்டு தோட்டாக்கள் என் கண் முன்னால் நின்றன. அவை மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

எண்ணெய் மட்டும் போட்டுக்கொண்டு வைத்திருக்கலாமே என்பீர்கள். உங்களுக்குப் பார்த்துச் சொல்ல நான் இருந்தேன். எனக்கு யார் இருக்கிறார்கள்?

"குடுத்துர்றேன் மாத்தயா."

கையெழுத்துப் போட்டேன். இனி இதற்கு யாராவது எண்ணெய் போடுவார்களா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. "மேல அனுப்புவாங்க. அங்க நெறைய இருக்கு அம்மா. ஒருத்தரும் போடுறது இல்ல" என்றார். எடுத்துக்கொண்டு உள்ளே போகுமுன் குழலை என் பக்கம் கொஞ்சம் நீட்டிப் பிடித்தார். எதற்கு என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவினேன், பொட்டு இருந்தது.

அவ்வளவுதான் நடந்தது. கோபப்படுவதானால் படுங்கள். எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது. குப்பியில் எண்ணெய் இன்னும் பாதி கிடக்கிறது. மெஷினுக்கு ரெண்டு சொட்டு போதும், எனக்கப்புறமும் மிஞ்சும்.

சந்தனத்தை உரைத்து வைத்துவிட்டேன். மெஷினுக்கும் மரப்பலகை இருக்கிறது, இரும்பும் இருக்கிறது. நாளைக்கு இரும்பில்தான் வைக்கப்போகிறேன், நட்டநடுவில், நன்றாகக் குழைத்து, ஈரமாக. துடைக்கவும் மாட்டேன். பின்னால் வந்து நின்று திட்டுங்கள், பார்ப்போம்.