வேல் விழா அன்று நான் உரக்கப் படித்த நம்பர்

என் பிள்ளை மல்லிகாவுக்கு,

நீ போய் இரண்டு வருசமாகிறது. உன் போட்டோவுக்கு விளக்கு வைக்கும்போதெல்லாம் உன்னிடம் ஏதாவது சொல்வேன். இதை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன், முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று. இப்போது முடித்துவிட்டேன்.

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் சின்ன மகள். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பேனாவை எடுத்தாள். நாலு பேர் வாசிக்கிற மாதிரிப் போடலாமா என்று கேட்டேன். "அம்மா என்ன களவா எடுத்தாங்க, ஒளிக்கிறதுக்கு?" என்றாள்.

உன் புருஷன் இரண்டாம் கல்யாணத்துக்கு நின்றான். பொங்கல் முடிந்த கிழமை கொட்டாஞ்சேனையில் என் அறைக்கு வந்தான். தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு கரை வேட்டி. பெண் வெள்ளவத்தையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு விதவை. யாழ்ப்பாணத்து ஆட்கள். அவளுடைய அண்ணன் ஒரே ஒரு விசயத்தில் பிடியாக இருந்தாராம். செத்துப்போன மனைவியின் தகப்பன் வந்து, இவர் என் மகளை நன்றாக வைத்திருந்தார் என்று சபையில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் வெற்றிலை மாற்றுவது.

"நீங்கதான் மாமா முன்னுக்கு நிக்கணும்" என்றான்.

எழுத்தறியாத கிழவன், வேட்டியைக் கொடுத்தால் வந்து சொல்லிவிட்டுப் போவான் என்று நினைத்திருக்கிறான். அவன் நினைத்ததில் பிழையில்லை. பத்தொன்பது வருசமாக நான் அவனிடம் ஒரு கேள்வி கேட்டதில்லையே. ஏன் கேட்கவில்லை என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

நீ சின்னவளை நாலு மாதம் சுமந்துகொண்டிருந்தாய். கர்ப்பிணி கிளினிக்கில் இரத்தம் சோதித்தார்கள். சிபிலிஸ் என்று வந்தது. அதற்கென்று இருக்கிற வேறொரு கிளினிக்குக்கு உன்னை அனுப்பினார்கள். அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம்பர்தான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். பெற்ற அப்பனிடம் ஒரு பெண்பிள்ளை இதை எப்படிச் சொல்வாள்?

வேல் விழா அன்று காலையில் ஒரு கடித உறையை என் கையில் தந்தாய். "அப்பா, இதை அவர்கிட்ட குடுத்துருங்க. நான் குடுத்தா வாங்க மாட்டாரு." அவ்வளவுதான் சொன்னாய். நீல உறை. ஒரு மூலை நனைந்திருந்தது. தண்ணீர் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

புறக்கோட்டையில் நாற்பது வருசம் மூட்டை சுமந்தவன் நான். எழுத்து தெரியாது, இலக்கம் தெரியும். சாக்கில் போட்ட நம்பரைப் பார்த்து எந்த மூட்டை எந்தக் கடைக்கு என்று பிழையில்லாமல் இறக்குவேன். ஒருமுறை பார்த்த நம்பர் மறக்காது. அந்தப் பெருமை எனக்கு. பஸ்ஸில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். உள்ளே ஓர் அட்டை, அட்டையில் ஒரு நம்பர். பெரியாஸ்பத்திரியில் மருந்து எடுக்க வரிசை நம்பர் தருவார்களே, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் தாய் வீட்டில் தேர் பார்த்துவிட்டு வந்த இருபது பேர் சாப்பாட்டில் இருந்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுவில் நின்று அந்த நம்பரை உரக்கப் படித்தேன். "ஆஸ்பத்திரித் துண்டு மாப்பிள்ளை. சுருக்கா போங்க, வரிசை தப்பிரும்."

அவன் தம்பி அட்டையைப் பறித்து மற்ற எழுத்துகளை வாசித்தான். எந்த கிளினிக் என்பதை அவன்தான் வாய்விட்டுச் சொன்னான். சோற்றில் இருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன. உன் புருஷன் தடுமாறவே இல்லை. "பாருங்க மாமா. உங்க மக எங்கயோ போய் வாங்கிட்டு வந்த சீக்குக்கு என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுறா" என்றான்.

நான் திரும்பி வந்து உன்னை அடித்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. நீ கன்னத்தைப் பிடிக்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டாய்.

அடுத்த கிழமை ஊசிக்குப் போகும்போது பின்னாலேயே வந்தேன், காவல் காக்கிறவன் மாதிரி. கிளினிக்கில் ஊசி போடுகிற மிஸ்ஸி சிங்களத்தில் எனக்கு விளக்கினாள். யார் மேல் குற்றம் என்று இங்கே நாங்கள் கேட்பதில்லை, அந்த அட்டை திட்டுவதற்கு இல்லை, கூப்பிடுவதற்கு, அவரும் வந்து மருந்து எடுக்க வேண்டும் என்றாள். வெளியே வந்த பிறகு மிச்சத்தை நீ சொன்னாய். பெரியவள் வயிற்றில் இருந்தபோது உன் இரத்தம் சுத்தம். அதற்குப் பிறகு அவன் லொறியோடு மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய் வந்தான். உடம்பில் புண் வந்து, மருந்துக் கடையில் குளிசை வாங்கி உனக்கு ஒளித்து விழுங்கியதையும் நீ பார்த்திருந்தாய். நீ கொட்டாஞ்சேனையைத் தாண்டி எங்கே போனாய்?

மூன்று கிழமை, கிழமைக்கு ஒன்றாக மூன்று ஊசி. பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து வருவாய். மூன்றாவது ஊசி அன்று பஸ் நிறுத்தத்தில் என் வலது கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாய். "நான் இருக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாதுப்பா. ரெண்டு புள்ளைங்களுக்கும் ஒரு வீடு வேணும்."

சின்னவள் ஒரு குறையுமில்லாமல் பிறந்தாள். நீயும் சுத்தமானாய். அவன் மட்டும் கிளினிக் பக்கம் போகவே இல்லை. போகாதவன், சுகமாகிவிட்ட உனக்குத் தனிக் கோப்பை வைத்தான். விளிம்பு உடைந்த பச்சைக் கோப்பை. டெங்குக் காய்ச்சலில் நீ கண்ணை மூடுகிற மட்டும் அந்த வீட்டில் அதில்தான் தண்ணீர் குடித்தாய்.

நீ "இருக்கிற வரைக்கும்" என்றாய், மல்லிகா. எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது.

அவன் தந்த வேட்டியைக் கட்டிக்கொண்டே வெள்ளவத்தைக்குப் போனேன். கடல் பக்கத்து ஒழுங்கையில் மூன்றாவது மாடி. அந்தப் பெண் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோப்பை, எனக்கும் அதே. அவளுடைய அண்ணன் மரியாதையான மனுசன். "இருங்கோ ஐயா. உங்கட வாயால ஒரு வார்த்தை சொன்னாக் காணும்" என்றார்.

நான் உட்காரவில்லை.

"இவரு என் மகளுக்கு ஒரு சீக்கைக் குடுத்தாருங்க. அவ ஊசி போட்டுச் சுகமாயிட்டா. இவரை ஆஸ்பத்திரியில கூப்பிட்டாங்க, போகல. பழியை அவ தலையில போட்டாரு. தனிக் கோப்பையில தண்ணி குடுத்தாரு. சீக்கு யாருக்கும் வரும், அது குத்தமில்ல. மத்ததுக்கெல்லாம் நான் எப்படிங்க நல்ல வார்த்தை சொல்றது?"

அவன் சிரித்தான். மாமாவுக்கு வயசு போய்விட்டது, எழுத்து வாசிப்பும் இல்லை, யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று சபையைப் பார்த்துச் சொன்னான்.

"எழுத்து தெரியாது மாப்பிள்ளை. நம்பர் தெரியும்" என்றேன். வேல் விழா அன்று அவன் தாய் வீட்டில் படித்த நம்பரை ஓர் இலக்கம் பிசகாமல் திரும்பச் சொன்னேன். அவனோடு வந்திருந்த தம்பி, அன்றைக்கு அட்டையைப் பறித்து வாசித்தவன், தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பெண் வீட்டார் எல்லோரும் பார்த்தார்கள்.

அந்தப் பெண் அடுப்படி வாசலில் நின்றபடி பேசினாள். "அவர் போய் இரத்தம் சோதிச்சுக்கொண்டு வரட்டும் அண்ணா. நானும் சோதிக்கிறன். பிறகு வெத்திலையைப் பற்றிக் கதைப்பம்." சத்தம் உயரவே இல்லை. அவள் வாழ வேண்டியவள்.

அவன் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு உனக்காகப் பார்த்திருக்க வேண்டிய முகம். வயிறு குளிர்ந்தது, பிள்ளை. உன்னிடம் மறைப்பானேன்? உன் கதையைச் சபையில் இரண்டாம் தரம் இழுத்தவனும் நான்தான். நீ இருந்திருந்தால் தடுத்திருப்பாயா? உன்னைக் கேட்க வழியில்லை, கேட்காமலே செய்தேன்.

அவள் சொன்னபடி சோதித்துவிட்டாள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் கொண்டுபோன வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவன் போகவில்லை. என்னிடம் மூன்று தரம் வந்தான், கிழவன் தடுமாறிச் சொல்லிவிட்டேன் என்று அவர்களிடம் மாற்றிச் சொல்லும்படி. மூன்று தரமும் ஒரே பதில்தான் சொன்னேன். "நம்பர் எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளை. சுருக்கா போங்க, வரிசை தப்பிரும்."

கடைசியாக வந்த அன்று வெயில். தண்ணீர் கேட்டான். கொடுத்தேன், பச்சைக் கோப்பையில். நீ போன பிறகு உன் சாமான்களோடு அதையும் நான்தான் எடுத்து வந்திருந்தேன். அவனுக்கு அடையாளம் தெரிந்தது. கையில் வாங்கினவன் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். குடிக்கவில்லை.

அவனுக்கு நான் செய்துவிட்டேன். எனக்கு யார் செய்வது? நீ வாங்கின சத்தியம் உன் நோயைப் பற்றித்தான். என் அடியைப் பற்றி இல்லை. பதினேழு வருசம் இருந்தாய், பதினேழு வருசமும் உன்னிடம் வந்து, பிழை செய்துவிட்டேன் பிள்ளை என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தச் சத்தியத்தின் பின்னால் இதையும் ஒளித்துவைத்தேன். அவன் ஒளிந்த மாதிரியேதான்.

இனி என் தண்ணீரும் அந்தக் கோப்பையில்தான். அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை என் வாயிலிருந்து வராது, என் பாடைக்குத் தோள் கொடுக்க அவனை விடவும் மாட்டார்கள். சின்னவளிடம் சொல்லி எழுதியும் வைத்துவிட்டேன். இது சத்தியம். இதற்கு "வரைக்கும்" என்று ஒரு முடிவு வைக்கவில்லை.

உன்னை அடித்த கையின் பெருவிரலை மையில் தொட்டு இங்கே வைக்கிறேன்.

உன் அப்பா