மூன்று யூனிட்

ஜூன் 9, திங்கள்

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஆற்றல் பாடம் இப்படி முடிகிறது: 'அறையைவிட்டு வெளியேறும்போது மின்விசிறியை அணைப்போம், பூமியைக் காப்போம்.' பத்து வருடமாக இதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்து எனக்கே வாய் புளித்துவிட்டது. இந்த முறை வேறு மாதிரி செய்தேன். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் பிள்ளைகளைப் பள்ளிக்கூட மீட்டர் பெட்டி முன்னால் நிறுத்தி, அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். இன்று காலை மறுபடியும் குறித்தார்கள்.

நூற்று எண்பத்து நான்கு யூனிட். பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தில். முந்நூறு பேர் படிக்கிற ஒரு முழு நாளுக்கே நூற்றைம்பதுதான் ஆகிறது.

எங்கேயோ நிலக்கரி எரிந்து, அந்தப் புகை யார் வீட்டுக் குழந்தையின் மூச்சிலோ போய், இங்கே ஆளில்லாத கட்டடத்துக்குக் கரண்ட் வந்திருக்கிறது என்றேன். ஒருத்தரும் கொட்டாவி விடவில்லை.

ஜூன் 11, புதன்

ஆள் அகப்பட்டாயிற்று. கூட்ட அரங்கின் நான்கு ஏசிகள். விடுமுறையிலும் இரவு பகலாக ஓடுகின்றன. நிறுத்தினால் தரைவிரிப்பு நாறுகிறதாம், திங்கட்கிழமை வருகிற பள்ளி நிர்வாகக் கமிட்டிக்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்களாம். அதனால் நிறுத்தக் கூடாது என்று தலைமை ஆசிரியை உத்தரவு.

கண்டுபிடித்தவள் முன் பெஞ்சுப் பெண். எல்லாவற்றையும் மனக்கணக்காகப் போடுவதால் வகுப்பில் அவளுக்குப் பெயரே கால்குலேட்டர். "வாட்ச்மேன் அண்ணா ரூம்ல ஒரு கரண்ட் அடுப்பு இருக்கு மிஸ், அதையும் எழுதவா?" என்றாள். எழுது என்றேன். ஒன்றுவிடாமல் எழுதுவதுதானே அறிவியல்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "ஊர் கரண்டையெல்லாம் மிச்சம் பண்ணிட்டு வந்திருக்கே. உள்ளே ரூம்ல காலையிலேர்ந்து ஃபேன் ஓடுது, போய்ப் பாரு" என்கிறார். நக்கலுக்குக் குறைச்சலில்லை.

ஜூன் 12, வியாழன்

'பசுமைப் பள்ளி' விருதுக்கு அறிக்கை அனுப்ப நாளை கடைசி நாள். பிள்ளைகளின் கணக்கை வைத்து நான் எழுதியதைத் தலைமை ஆசிரியை படித்துவிட்டுப் பேனா மூடியால் ஒரு பத்தியைத் தட்டினார்.

"ஹால் விஷயம் இப்ப வேண்டாம் டீச்சர். கமிட்டி ஆசையா கட்டின ஹால். அடுப்பை மட்டும் போடுங்க. அது உண்மைதானே?"

உண்மைதான். கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கு விருது கிடைக்கட்டும் — இப்படி எனக்கு நானே நாலு சமாதானம்.

ஜூன் 13, வெள்ளி

வாட்ச்மேனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

'அனுமதியின்றி மின்சாரத்தைப் பயன்படுத்தியதால்' என்று காகிதம் கொடுத்து, அதோடு என் அறிக்கையை இணைத்திருக்கிறார்கள். என் அறிக்கை. என் கையெழுத்து. அந்த மனுஷன் ஆறு வருஷமா சனி ஞாயிறுகூட வீட்டுக்குப் போகாம கேட்ல கிடந்தாரு. ஒரு வாய் சோறு பொங்கத்தானே அந்த அடுப்பு? அதுல போய் கை வச்சுட்டாங்களே. கை வச்சது யாரு, அவங்களா, நானா?

ஜூன் 14, சனி

காபி ஆறிப்போச்சா என்று இவர் கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். பாவம்.

ஜூன் 16, திங்கள்

இந்தச் சனி ஞாயிறுக் கணக்கு: நூற்று எண்பத்தொன்று.

"ஆயிரம் வாட் அடுப்பு, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மூணு நாள். மூணு யூனிட். சரியா வருது மிஸ்" என்றாள் கால்குலேட்டர். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்போ அவரை நாமதான் அனுப்பிட்டோமா?"

இல்லை, நான்தான் அனுப்பினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். மணி அடித்தது. தப்பித்து வந்துவிட்டேன். த்தூ.

ஜூன் 17, செவ்வாய்

தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன்.

"ஒரு வாட்ச்மேனுக்காக ஏன் இவ்வளவு டென்ஷன் ஆகுறீங்க? ரூல்னா ரூல்."

"ஏசிக்கு ரூல் கிடையாதா மேடம்?"

"அது வேற."

என்ன வேற? மீட்டருக்குத் தெரியுமா எது கமிட்டி கரண்ட், எது வாட்ச்மேன் கரண்ட் என்று?

நேராக வகுப்புக்குப் போய், அரங்கை மறைத்துக் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று சொன்னேன். பிறகு எல்லோரும் சேர்ந்து முழுக் கணக்கையும் பெரிய தாளில் எழுதினோம். ஏசி நூற்று எழுபத்து மூன்று. ஆய்வக ஃப்ரிட்ஜ், வராந்தா விளக்கு எல்லாம் சேர்த்து எட்டு. அடுப்பு மூன்று. பெற்றோர் காத்து நிற்கிற இடத்தில் ஒட்டிவிட்டு, கீழே என் பெயரைப் போட்டேன். சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜூன் 19, வியாழன்

வாட்ச்மேன் வீட்டைத் தேடிப் போனேன். சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. இப்போது பார்சல் கிடங்கில் மூட்டை தூக்குகிறாராம். முதுகில் பிளாஸ்திரி. நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவர் நின்றார். கணக்குத் தாளைக் கொடுத்தேன். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"ஏசிய நிறுத்தட்டுமான்னு நானே ரெண்டு தடவ கேட்டேன். உன் வேலையப் பாருன்னுட்டாங்க." தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "மூணுதானா. இத அன்னைக்கே எழுதியிருக்கலாமே டீச்சர்."

கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 23, திங்கள்

எட்டு யூனிட். ஏசிகள் நின்றுவிட்டன. யார் நிறுத்தியது என்று யாரும் வாய் திறக்கவில்லை.

கேட்டில் புது ஆள். பழையவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்த கடிதம் தலைமை ஆசிரியை மேசையில் ஃபைலுக்கு அடியில் கிடக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

விருதுக் குழு வந்தது. சுவரில் பிள்ளைகள் வரைந்த மூன்று பட்டைகள்: 184, 181, 8. "நடுவுல இருக்கறத எடுத்துடுங்க, முதலும் கடைசியும் இருந்தா போதும், பளிச்சுனு தெரியும்" என்று தலைமை ஆசிரியை நேற்றே சொல்லியிருந்தார். எடுக்கவில்லை.

வந்த அதிகாரி அதன் முன்னால் நின்றுவிட்டார். "நூத்தியெண்பத்து நாலு எட்டா ஆயிருக்கு, பிரமாதம். ஆனா நடுவுல மூணுதான் குறைஞ்சிருக்கு. அந்த வாரம் என்ன பண்ணீங்க?"

தலைமை ஆசிரியை பதில் சொல்ல வாயெடுத்தார். கால்குலேட்டர் முந்திக்கொண்டாள்.

"அந்த வாரம் வாட்ச்மேன் அண்ணாவை வேலைய விட்டு அனுப்பினோம் சார்."

அதிகாரி பேனாவை எடுத்தார். இன்னொரு தடவை நிதானமாகச் சொல்லச் சொன்னார். சொன்னாள்.