இருட்டு மேகத்தின் சூடு

பாலக்கரை
12.1.1982

இயேசு மரி சூசை

அன்புள்ள அத்தானுக்கு லூர்துராணி எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் உங்கள் ஐஸ் பெட்டியும் சுகமா?

இன்னும் மூன்று வருஷம் ஜெர்மனியில் இருக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள், நீயும் வா என்று எழுதியிருந்தீர்கள். ஐந்தாவதோடு நின்றவளுக்கு அந்த ஊர்ப் பேச்சு எங்கே புரியும்? பக்கத்து வீட்டு பாக்கியமேரி அக்கா, உன் புருஷனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார். குளிர வைக்கிற வேலை என்றேன். "அதுக்கு அவ்வளவு தூரமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் போன வருஷம் நாலு பக்கம் எழுதினவர் இப்போது அரைப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறீர்கள். குளிர் உங்களுக்குள்ளும் இறங்கிவிட்டதோ என்றுதான் பயம். அது தெரியாமல் நான் பெட்டி கட்ட மாட்டேன்.

ராணி

ஜெர்மனி
2.2.1982

அன்பு ராணி,

குளிர வைப்பது எதற்கென்று சொல்கிறேன். வானத்தில் கறுத்த மேகங்கள் உண்டு. உள்ளே நட்சத்திரம் பிறந்துகொண்டிருக்கும். வெளிச்சம் வெளியே வராது, லேசான சூடு மட்டும் கசியும். அதைப் பிடிக்கத்தான் எங்கள் மெல்லிய உலோகத் தகடு. கடுங்குளிரில் அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். அந்த நிலை கலையப்போகும் விளிம்பில் அதை நிறுத்தி வைப்போம். துளி சூடு பட்டாலும் அளவு காட்டும் முள் ஆடிவிடும். விண்வெளிக்குப் போகும் தொலைநோக்கியில் வைப்பதற்கு.

போன வாரம் முள் ஆடியது. கருவி வேலை செய்கிறதென்று எல்லாரும் கை தட்டினார்கள். பிறகுதான் எங்கள் ஆய்வுக்கூடத்துப் பெரியவர் கவனித்தார். தாண்டக் கூடாத கோட்டைத் தாண்டி, கருவியின் எதிரே நான் நின்றிருந்தேன், கையில் உன் கடிதத்தோடு. என் உடம்புச் சூட்டைத்தான் அது பிடித்திருக்கிறது. "வீட்டுக் கடுதாசியை வெளியே போய்ப் படி" என்றார்.

எழுத உட்கார்ந்தால் 'வா' என்பதைத் தவிர எதுவும் வரவில்லை. அதனால்தான் அரைப் பக்கம். நீ வரவில்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டேன், திரும்பிவிடுகிறேன்.

இருதயநாதன்

பாலக்கரை
15.2.1982

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மொட்டை மாடியில் படித்து முடிக்கவும் கரண்ட் போயிற்று. மலைக்கோட்டைக்கு மேலே, நட்சத்திரமே இல்லாத இடமாகப் பார்த்து உள்ளங்கையை விரித்துப் பிடித்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. கை கதகதப்பாக ஆன மாதிரி இருந்தது.

"என்னடி, மழை வருதான்னு பாக்கிறியா?" என்றார் அக்கா.

"இல்லக்கா, எங்க வீட்டுக்காரர் இருக்காரான்னு பாக்கிறேன்" என்றேன்.

கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இனிமேலாவது கோட்டுக்கு வெளியே நில்லுங்கள், இந்த வயதில் திட்டு வாங்குவது அழகாக இல்லை. நீங்கள் எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட்டை அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து தேடி எடுத்துவிட்டேன். மெட்ராஸிலிருந்து டிக்கெட் சொல்லியாயிற்று. என் தையல் மிஷினை அக்காவிடம் கொடுத்தாயிற்று, வீட்டுச் சாவியும் அவரிடம்தான்.

இதற்குப் பதில் போடாதீர்கள். வாங்கிப் படிக்க இங்கே ஆள் இருக்காது.

ராணி