எனக்குப் பேர் மட்டும்தான் தெரியும்

20.8.2025, புதன்

காலையிலிருந்து ஒரே போன். ஊருக்கு நான் கொடுக்கும் நெட்டை எனக்குக் கொடுக்கும் மேல் கம்பெனி நேற்று சில சைட்டுகளை மூடச் சொல்லிப் பெயர்களை அனுப்பியிருந்தது. திருட்டுப் படம் காட்டுகிற சைட்டுகளாம். மூடினேன். வல்லத்திராக்கோட்டையில் இத்தனை பேர் திருட்டுப் படம் பார்க்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு ஆளாவது வாயைத் திறந்து அதைச் சொல்லணுமே. "நெட்டு ஒரு மாதிரியா இழுக்குதுங்க" என்கிறார்கள்.

21.8.2025

பரிமளா போன் செய்தாள். போன ஞாயிறு நாங்கள் பெண் பார்த்துவிட்டு வந்த அதே பரிமளா. டவுனில் கணக்கு டீச்சர், வீட்டில் நம்ம கனெக்ஷன்தான். என் மச்சினன் சிவபிரகாஷ் லீவில் வந்து பார்த்து, பிடித்துப்போய், நம்பரும் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை சார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டான்.

"அண்ணே, ஒரு சைட்டு தொறக்க மாட்டேங்குது. படமெல்லாம் இல்லண்ணே."

எந்த சைட் என்று கேட்டேன். சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன? எந்த வீட்டில் எந்த சைட்டைத் தட்டினாலும் அந்தப் பெயர் முதலில் என் ஆபீஸ் மெஷினுக்குத்தான் வரும். பெயருக்கு உண்டான நம்பரைத் தேடிக் கொடுக்கிற வேலை அதற்கு. டிஎன்எஸ். கேட்ட பெயரெல்லாம் பதிவாகும். பார்த்தேன்.

வலிப்பு உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் சைட். அதைப் போய்த் திருட்டுப் படத்தோடு சேர்த்து மூடியிருக்கிறார்கள், அறிவு கெட்டவர்கள்.

போன் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்று இருக்கும், வெளியே இலவசமாகக் கிடைப்பதில் ஒன்றை அதில் போட்டுக்கொள் என்று வழி சொன்னேன். திறந்துவிட்டது. இனி அவள் தட்டுவது எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்தது தெரிந்ததுதானே. பார்க்காமல் இருந்திருக்கலாம்.

24.8.2025, ஞாயிறு

சாப்பிடும்போது வனிதா ஆரம்பித்தாள். "ஏங்க, நெட்டு ஒங்க கையிலதான இருக்கு? அந்தப் புள்ள என்ன ஏதுன்னு பாக்குதுன்னு ஒரு எட்டு பாத்துச் சொல்லுங்களேன்."

சம்பந்தம் என்றால் டீக்கடையில் விசாரிப்பார்கள், மளிகைக்கடையில் விசாரிப்பார்கள். இப்போது நெட்டுக்காரனிடம். அதுவும் சொந்தப் பெண்டாட்டி!

"அதெல்லாம் பாக்கக் கூடாது" என்றேன்.

"அவன் என் தம்பிங்க. அம்மா போனப்ப அவனுக்கு ஆறு வயசு. தூக்கி வளத்தவ நான். கேக்கக் கூடாதா?"

அவள் கேட்டதில் தப்பில்லை.

25.8.2025

சொன்னால் இந்தச் சம்பந்தம் நாளைக்கே முறியும். அதோடு நிற்காது. ஏன் முறிந்தது என்று ஊர் கேட்கும், யாராவது பதில் சொல்வார்கள், அதன்பிறகு அந்தப் பெண்ணுக்கு எவன் வருவான்? சொல்லாமல் இருந்து, கல்யாணத்துக்குப் பிறகு வனிதாவுக்குத் தெரிந்தால்? "ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்பாள். முப்பது வருஷமானாலும் விடமாட்டாள்.

வலிப்பு இருந்தால் கல்யாணம் கூடாதா என்ன? கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மறைத்துச் செய்யலாமா?

26.8.2025

வனிதாவிடமிருந்து காபி மட்டும் வருகிறது, டொக்கென்று.

28.8.2025

கனெக்ஷன் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பிரைவேட் டிஎன்எஸ் போடுவது எப்படி என்று எழுதிப் போட்டேன். "நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பது எனக்கே தெரியாமல் இருக்கும்" என்று கடைசியில் சேர்த்தேன். பாவம், இத்தனை நாளாக எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது என்பதே அவர்களுக்கு அப்போதுதான் உறைத்திருக்கும்.

பெலிக்ஸ், என்னிடம் லைன் இழுக்கிற பையன், நியாயமாக ஒன்று கேட்டான். "அப்ப அந்த வெளிக் கம்பெனிக்காரன் பாப்பான்லண்ணே?"

பார்ப்பான்தான். பார்க்கிற ஆள் மாறுகிறான், அவ்வளவே. ஆனால் அவனுக்குப் பரிமளா யார் வீட்டுப் பெண் என்று தெரியாது. அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் தெரியாது.

30.8.2025, சனி

பரிமளா வீட்டுப் பக்கம் மழையில் லைன் அறுந்துவிட்டது. நானே போனேன். அவள் வாசலுக்கு வந்தாள்.

"குரூப்ல போட்டதப் படிச்சேன். அப்ப அன்னைக்கு நான் கேட்டது எந்த சைட்டுன்னு ஒங்களுக்குத் தெரியும், இல்லண்ணே?"

பொய் சொல்ல வரவில்லை. "பேர் மட்டும்தாம்மா தெரியும்."

"பேர் தெரிஞ்சாப் போதுமாண்ணே?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை.

31.8.2025

சிவபிரகாஷ் போன் செய்தான்.

"மாமா, பரிமளா எல்லாம் சொன்னா. அது அவளுக்கு இல்ல மாமா. எனக்கு."

இரண்டு வருஷம் முன்பு சார்ஜாவில் வேலை செய்யுமிடத்தில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறான். அதன்பின் இன்னொரு தடவை. மாத்திரை சாப்பிடுகிறான், ஒரு வருஷத்துக்கு மேல் வரவில்லை. பெண் பார்த்த அன்று ராத்திரியே பரிமளாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டானாம். அவள் மூன்று நாள் டைம் கேட்டிருக்கிறாள். அந்த மூன்று நாளில்தான் நான் அந்த சைட்டை மூடியிருக்கிறேன்.

"படிச்சிட்டுச் சரின்னு சொல்லிட்டா மாமா. அக்காகிட்டதான் பயமா இருக்கு. அழுவா."

நான் என்னவெல்லாம் நினைத்தேன்! அவள் மறைக்கிறாள், ஏமாற்றுகிறாள்... ஒரே ஒரு பெயரை வைத்துக்கொண்டு. சீ.

"நீயே சொல்லு மாப்ள. நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன்.

1.9.2025

சொன்னான். வனிதா நாள் முழுக்க அழுதாள். அவனுக்கு வந்ததற்கு இல்லையாம். ரெண்டு வருஷம் தன்னிடம் சொல்லவில்லையே என்றுதான்.

2.9.2025

போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "குரூப்ல போட்டீங்கள்ல, அத எனக்கும் போட்டு விடுங்க."

"எதுக்கு?"

"நான் என்ன படிக்கிறேன்னு நீங்க பாக்கக் கூடாது."

போட்டுக் கொடுத்தேன்.

7.9.2025, ஞாயிறு

நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று. சாயங்காலம் அடுப்படியில் வனிதா பரிமளாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். சேலையில் ஆரம்பித்து எங்கெங்கோ போய், பிறகு குரல் தணிந்தது.

"இந்தா பாரு பரிமளா, அவனுக்கு அப்படி வந்துச்சுன்னா சாவியத் தேடிக்கிட்டு ஓடாத. கையில இரும்பு குடுக்குறதெல்லாம் சும்மாவாம். வாயிலயும் எதையும் திணிக்கக் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டுப் பக்கத்துலயே இரு. அவ்வளவுதான்."

எங்கே படித்தாள் என்று எனக்குத் தெரியாது.