முப்பத்தேழாம் எண்

டிசம்பர் 9
சோஃபியா நகரம் முழுக்கப் பனி. என் ஆய்வுக்கு நாற்பது ஆரோக்கியமான ஆட்கள் வேண்டும். இன்று அக்கா ஸோர்னிட்சாவும் தன் உமிழ்நீர்க் குழாய்களைக் கொடுத்துவிட்டாள். எண் 37. சனி, ஞாயிறு இரண்டு காலையும் கண்விழித்த அரை மணிக்குள் எடுத்தது. "ட்ராம் ஓட்டுறவ எச்சிலை வச்சு டாக்டர் பட்டம் வாங்கப்போற ஒரே ஆளு நீதான்டி" என்றாள். இந்தக் குளிரிலும் வெயில் காய்ந்து வந்ததுபோல் முகம் கறுத்திருக்கிறது. எந்தக் கடற்கரைக்குப் போனாய் என்று டிப்போவில் கேட்கிறார்களாம். அவளுக்குப் பெருமை.

டிசம்பர் 17
37இன் உமிழ்நீரில் கார்ட்டிசால் ஹார்மோன் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. காலையில்தான் அது உச்சத்தில் இருக்க வேண்டும். தாளில் அவள் கையெழுத்தில் 6.40 என்றிருக்கிறது. விடுமுறை நாளில் அக்கா ஆறரைக்கு எழுவதா? மத்தியானம் எடுத்துவிட்டு ஏதோ ஒரு நேரத்தை எழுதியிருப்பாள். கேட்டால் சண்டை வரும். ஓரத்தில் "நேரம் தவறியது" என்று எழுதி அவள் வரிசையை நீக்கினேன். பேராசிரியர் பென்ச்சேவா கையொப்பமிட்டார்.

ஜனவரி 1
புத்தாண்டு அக்கா வீட்டில். முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாயிலிருந்து உப்புத்தண்ணீரைக் குவளை குவளையாக மொண்டு குடித்தாள். அவள் கணவர் போயான், "ராத்திரி ஒரு சொட்டு தொடாதவளுக்கு எதுக்குடி போதை தெளியுற தண்ணி?" என்றார். எல்லோரும் சிரித்தோம். எழுந்தபோது தள்ளாடிச் சுவரைப் பிடித்தாள். அதற்கும் சிரித்தோம்.

ஜனவரி 7
அக்கா தீவிர சிகிச்சையில். இரண்டு நாள் வாந்தி. இரத்த அழுத்தம் எழுபது.

ஜனவரி 9
அவளுடைய நோயெதிர்ப்பு அணுக்களே அவளுடைய அட்ரீனல் சுரப்பிகளை அழித்துவிட்டன. கார்ட்டிசால் இல்லை. உப்பை உடம்பில் பிடித்துவைக்கும் ஹார்மோனும் இல்லை. அந்தத் தண்ணீர், அந்தத் தள்ளாட்டம், அந்தக் கறுப்பு - எல்லாம் இதுதான். தேர்வில் இதே நோய்க்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

பணியிலிருந்த மருத்துவர், "ஒரு மாசம் முன்னாடி யாராவது கார்ட்டிசால் பார்த்திருந்தா, இந்தக் கட்டிலுக்கே வந்திருக்க மாட்டாங்கம்மா" என்றார். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டினேனே, பாவி!

நான் படித்த நாவல்களில் குற்றம் நடந்தால் ஒரு கதவாவது உடையும். என்னுடையது பென்சிலில் இரண்டு சொல்.

ஜனவரி 15
பென்ச்சேவாவிடம் சொன்னேன். "நானும்தானே கையெழுத்து போட்டேன்" என்றார். பிறகு, "அவங்களுக்கு போன் பண்ணிக் கேட்டியா, அப்போ?"
இல்லை.
"இப்ப அவங்ககிட்ட சொல்லிட்டியா?"
இல்லை.
"அப்புறம் எங்கிட்ட எதுக்கு வந்த?"

ஜனவரி 18
சொல்லிவிட்டேன். அக்கா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ரெண்டு நாளும் குமட்டல்லதான் முழிச்சேன். கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதினேன், நேதா."
பிறகு, "37 வேற யாராவதா இருந்திருந்தா, கேட்டிருப்ப இல்ல?"
ஆமாம். கேட்டிருப்பேன்.

பிப்ரவரி 2
நான் அழைத்தால் எடுப்பதில்லை. மாத்திரையில் தேறிவருகிறாள் என்று போயான் சொன்னார். ஆய்வேட்டில் 37ஐ நீக்கிய காரணத்தைத் திருத்தினேன்: நேரம் சரி, ஆள் நோயாளி, ஆய்வாளர் விசாரிக்கவில்லை. இது யாருக்கு? எனக்குத்தான். அவளுக்கு இதனால் என்ன?

பிப்ரவரி 11
இன்றும் எடுக்கவில்லை.

மார்ச் 1
ஒவ்வொரு மார்ச் முதல் நாளும், வருடம் முழுக்க உடம்பு நன்றாயிருக்க வேண்டுமென்று, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றை அக்காதான் என் மணிக்கட்டில் கட்டுவாள். இந்த முறை போயான் காலையில் ஓர் உறையில் கொண்டுவந்து கொடுத்தார். கயிறு மட்டும். ஒரு வரி எழுதவில்லை.

டிப்போவுக்குப் போனேன். அவளை இன்னும் ட்ராம் ஓட்ட விடவில்லை; சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்டுநர்களுக்கு நேர அட்டவணை கொடுக்கிறாள். கறுப்பு குறைந்திருக்கிறது. எனக்கு முன்னால் மூன்று பேர். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் உறையையும் கையையும் உள்ளே நீட்டினேன்.

"ஒத்தக் கையால கட்டிக்கத் தெரியலையா, டாக்டரம்மா?"
"தெரியல, அக்கா."

கட்டினாள். ஒரு சுற்று, இரண்டு முடிச்சு, வலிக்குமளவு. கயிற்றுக்கடியில் என் நாடி துடிப்பது எனக்கே தெரிந்தது. "அடுத்த ஆளு" என்றாள், என் தலைக்கு மேலாகப் பார்த்து.

தளர்த்தவில்லை நான்.