நான் இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க

என்னைப் பெற்ற அஞ்சலைக்கு,

பதினாறாம் நாள் காரியத்தைச் சித்தப்பா மகன் போனில் காட்டினான். உன் போட்டோவுக்கு முன்னால் போட்ட இலையில் எல்லாம் இருந்தது, கருவாட்டுக் குழம்பு மட்டும் இல்லை. சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று இன்னும் என்மேல்தான் கோபமாக இருக்கிறது. உனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எழுதினால் யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று ஒரு நினைப்பு. கூட இருப்பவர்கள் கேட்டால் கேட்கட்டும்.

அரிசி மில்லில் நாம் கொத்தடிமையாக இருந்ததை ஆக்லாந்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே நான் குடியிருக்கும் மாசி என்ற ஏரியாவில், பக்கத்து வீட்டில் ஒரு மதுரைப் பெண் இருக்கிறாள். "உங்கப்பா என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள். "ரைஸ் மில்" என்றேன். முதலாளி வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டாள் பாவி. நானும் திருத்தவில்லை. நீ கேட்டிருந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருப்பாய்.

அந்த மில்லின் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. அப்பா வாங்கிய முன்பணம் தீரும்வரை குடும்பம் முழுசாக கேட்டைத் தாண்டக் கூடாது. கல்யாணமோ சாவோ, ஒருவர் களத்தில் இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் நீதான். "நான் இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க." உன் சொந்தத் தம்பி கல்யாணத்துக்குக்கூட அப்பாவும் நானும் தங்கச்சி மல்லிகாவும்தான் போனோம். நீ அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு வெயிலில் நின்றாய். நாங்கள் திரும்பி வந்ததும், பொண்ணு என்ன கலர் புடவை கட்டியிருந்தாள் என்று மூன்று நாள் கேட்டாய். எனக்கு ஞாபகமே இல்லை. பச்சை என்று பொய் சொன்னேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். விருப்பப்பட்டுத்தான் இருக்கிறீர்களா என்று உன்னைக் கேட்டார்கள்.

"ஆமா சார். மொதலாளி நல்லவரு. வீடு குடுத்திருக்காரு, வாராவாரம் நொய் குடுக்கறாரு."

நான்தான் இடையில் புகுந்தேன். "நாங்க நாலு பேரும் ஒண்ணா இந்த கேட்டத் தாண்டுனதே இல்ல சார்."

அது போதுமாக இருந்தது. அன்று சாயந்தரமே வேன் வந்தது. நான் முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தேன். அப்பாவும் மல்லிகாவும் ஏறினார்கள். நீ களத்து நடுவிலேயே நின்றாய். "நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றாய். இத்தனை வருஷப் பழக்கம், வாயில் அதுதான் வந்தது. அப்பா இறங்கிப் போய் உன் கையைப் பிடித்து இழுத்து வந்தார். நான் இறங்கவில்லை அம்மா. இடம் போய்விடும் என்று பயந்தேன்.

விடுதலைச் சான்றிதழ் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். ஏரிக்கரைப் புறம்போக்கில் தார்ப்பாய் கட்டினோம். முதல் மழையிலேயே மல்லிகாவுக்குக் காய்ச்சல். மில்லில் என்றால் முதலாளியின் வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும். அந்தச் செலவையும் அப்பா தலையில்தான் ஏற்றுவார், ஆனாலும் வண்டி போகும். ஏரிக்கரையில் யார் வருவார்கள்? அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்தார். பஸ் ரோட்டை அடைவதற்குள் முடிந்துவிட்டது.

"அங்கயே இருந்திருந்தா எம் புள்ள பொழச்சிருக்கும்." ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னாய். ஆனால் வாயைத் திறந்தவள் நான்தானே? அந்த வாயால்தான் ஹாஸ்டலில் சேர்ந்தேன், படித்தேன், நர்ஸ் ஆனேன், இவ்வளவு தூரம் வந்தேன். மல்லிகாவுக்கு என்ன கிடைத்தது? நான் செய்தது சரியா தப்பா என்று உன்னிடம் நேரில் கேட்க வேண்டும் என்றிருந்தேன். அப்பா போன பிறகு உனக்கு விசாவும் வாங்கி, டிக்கெட்டும் போட்டேன். "நீ அங்க இரு கண்ணு, நான் இங்க இருக்கேன். மல்லிகா தனியாக் கெடப்பா" என்று சொல்லிவிட்டாய். கேட்காமலே போயிற்று.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். மவுண்ட் வெல்லிங்டனில் நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு ஒரு தமிழ்ப் பெண் குழந்தைக்கு ஊசி போட வந்தாள். அடுத்த முறை புருஷன் மட்டும் குழந்தையோடு வந்தான். அவன் ஒரு ஹோட்டலில் சமையல்காரன், பிளாட் புஷ் என்ற ஏரியாவில் முதலாளி வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டெல்லாம் முதலாளியிடம். மூன்றாம் முறை அவள் வந்தபோது, ரெண்டு பேரும் சேர்ந்து வரலாமே என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"இல்லக்கா, ஒருத்தர் அங்க இருக்கணும். ஓனர் ரொம்ப நல்லவருக்கா. வீடு குடுத்திருக்கார்."

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். உன் குரல் அம்மா. அப்படியே உன் குரல்.

அன்றைக்கே அதிகாரிகளுக்கு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. மல்லிகா கண்ணுக்குள் வந்து நின்றாள். முதலில் என் வீட்டுப் பின் ரூமைக் காலி செய்தேன். ஒரு கட்டில், ஒரு தொட்டில், ஒரு மூட்டை அரிசி வாங்கிப் போட்டேன். இங்கே இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு வேறு விசா கிடைக்க வழி இருக்கிறதா என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பிறகுதான் அவளிடம் பேசினேன். ஒரு மாசம் யோசித்தாள். அதிகாரியிடம் சொல்ல நேற்றுதான் சம்மதித்தாள். வருகிற சனிக்கிழமை நானே கார் எடுத்துக்கொண்டு போகிறேன்.

எல்லாம் பேசி முடித்த பிறகு மெதுவாக ஒன்று சொன்னாள். "மொதல்ல அவரும் பாப்பாவும் வரட்டுங்க்கா. நான் இருக்கேன்."

கிளினிக் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீ செத்த செய்தி வந்தபோதுகூட அப்படி அழவில்லை.

அம்மா, சனிக்கிழமை அந்த வீட்டு வாசலில் நான் காருக்குள் உட்கார்ந்திருக்க மாட்டேன். இறங்கிப் போவேன். அவள் கையைப் பிடித்து நானே கூட்டிவந்து, ஜன்னலோரம் உட்கார வைத்த பிறகுதான் வண்டியை எடுப்பேன். இது உன்மேல் சத்தியம்.

அன்றைக்கு வேனிலிருந்து இறங்காத,
நாலு பேரில் மிச்சமிருக்கும்
உன் மூத்தவள்.