சைலன்சருக்குள் போன லுங்கி

மாப்ள,

கார் டிக்கியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே உன் நீலக் கட்டம் போட்ட லுங்கி. பார்த்ததும் உன்னைத் திட்டத் தோன்றியது. வாய்விட்டே திட்டினேன். கேட்கத்தான் நீ இல்லை.

ஷார்ஜாவில் வெயில் தொடங்கிவிட்டது. நம் முதலாளி அர்பாப் குடும்பத்தோடு குளிர் தேசத்துக்குக் கிளம்பிவிட்டார். அவருடைய அப்பா காலத்துக் காரை, அவர் திரும்பும்வரை மூடிவைக்கும் வேலை வழக்கம்போல் நம்முடையது. பார், இன்னும் ‘நம்முடையது’ என்றே வருகிறது. பாட்டரியைக் கழற்றினேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, டயர் தரையில் படாமல் கட்டை கொடுத்தேன். எலி புகாமல் சைலன்சர் வாயை அடைப்பதுதான் பாக்கியிருந்தது.

உன் மகளுக்குக் கல்யாணம் வைத்த அந்த வருஷமும் நான் வண்டிக்கு அடியில்தான் கிடந்தேன். ஏதாவது துணியை அடை என்று உன்னிடம் கத்தினேன். நீ கொடியில் கைக்கு வந்ததை உருவித் திணித்துவிட்டு, "கலாஸ், முடிஞ்சது மாப்ள, இனி எறும்புகூட நுழையாது" என்றாய். மறுநாள் ரூமில் ஆரம்பித்தது ரகளை. மச்சினன் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த லுங்கியைக் காணோமாம். ஒருத்தனையும் விடவில்லை நீ. கடைசியில் என் பெட்டியையே கிளறினாய். எனக்கு வந்த கோபத்தில் உன்னோடு பேச்சை நிறுத்திவிட்டேன். சோறு மட்டும் வடித்து மூடிவைத்துவிட்டு டூட்டிக்குப் போவேன்.

அர்பாப் திரும்பும் நாள் நெருங்க, நீ கராஜுக்கும் ரூமுக்குமாக நடந்துகொண்டிருந்தாய். மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டிருந்தாய். முதலில் வண்டி ஓடட்டும், பிறகு பார்க்கலாம் என்று போனில் சொல்லியிருந்தார் மனுஷன். பாட்டரியை மாட்டினோம், காற்று அடித்தோம், அந்துருண்டையெல்லாம் பொறுக்கினோம். சைலன்சர் நினைவு இரண்டு பேருக்குமே வரவில்லை.

அர்பாப் விருந்தாளிகளோடு வந்து வண்டிக்குப் பின்னால் நின்றார். நீ சாவியைத் திருகினாய். வண்டி இருமி அணைந்தது. மறுபடியும் இருமியது. உன் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், மகளுக்கு வாங்கிய சாமான்களோடு பெட்டிகூடக் கட்டிவைத்திருந்தாய். வருவது வரட்டும் என்று ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தாய். டப்பென்று ஒரு சத்தம். கரி அப்பிய ஏதோ ஒன்று பறந்துபோய் அர்பாபின் வெள்ளைக் கந்தூரா அங்கியில் மோதி விழுந்தது.

நீ இறங்கி ஓடினாய். காலில் விழப்போகிறாய் என்றுதான் நினைத்தேன். நீயோ அதை எடுத்து உதறி, விரித்துப் பார்த்து, லீவையும் மறந்து, அர்பாபையும் மறந்து, என் பக்கம் திரும்பினாய்.

"மாப்ள, என் லுங்கிடா."

அர்பாபுக்குத் தமிழ் தெரியாது. உன் முகமே போதுமாயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லீவு தருகிறேன், ஆனால் அந்தத் துணி இனி வண்டிக்குத்தான் சொந்தம் என்றார். மகளை நல்லபடியாகக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தாய். ஆனால் லுங்கி போனதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பினாய்.

போன லீவில் ஊருக்குப் போனவன், நெஞ்சு வலிக்கிறது என்று படுத்து, எழுந்திருக்கவே இல்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கிளம்புமுன் அர்பாப் கராஜுக்கு வந்தார். பாட்டரியைப் பற்றிக் கேட்கவில்லை, டயரைப் பற்றிக் கேட்கவில்லை. லுங்கியை அடைத்தாயா என்றுதான் கேட்டார். அடைத்துவிட்டேன் என்றேன். குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

மறந்துவிடாமலிருக்க ஒரு முனையை வெளியே தொங்கவிட்டிருக்கிறேன். அவர் திரும்பி வரும் நாளில் அதையும் உள்ளே தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பப் போகிறேன். டப்பென்று வந்து விழட்டும். ஓடிப்போய் எடுத்து, உதறி, எல்லோர் முன்னாலும் சொல்லுவேன்: மாப்ள, உன் லுங்கிடா.